எட்டா, பத்தா? மான் பார்க்கப் புறப்படுவோர் வாங்கும் பைனாகுலர்

மான் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். இன்று கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் சத்தியமங்கலம் காட்டுப் பக்கம் மான் பார்க்கப் போகும் புதியவர்கள் என்னிடம் கேட்பது: 8×42 வாங்கவா, 10×42 வாங்கவா? முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது; 42 என்பது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில்.

வெளிச்சம்
எட்டு: 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர்.
பத்து: 4.2 மட்டுமே.
பகலில் இந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் மான்கள் மேய்ச்சலுக்கு வருவது பெரும்பாலும் விடியலிலும் மசங்கும் நேரத்திலும். புதரோடு புதராக நிற்கும் கடமானைக் காட்டிக்கொடுப்பது அந்த ஒரு மில்லிமீட்டர்தான்.

கை நடுக்கம்
எட்டு: காபி குடித்த கையும் சமாளிக்கும்.
பத்து: நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். ஜீப்பில் வீண்.

தொலைவு
எட்டு: அடர்காட்டுக்குப் போதும்.
பத்து: மோயாற்றுப் பள்ளத்தாக்கின் வெட்டவெளியில் வெளிமான் கொம்பின் திருகுகளை எண்ணலாம்.

விலை
ஒரே தயாரிப்பில் பெரிய வேறுபாடில்லை.

முதல் பைனாகுலர் என்றால் எட்டு. முக்காலித் தாங்கி (டிரைபாட்) வைத்து வெட்டவெளியைப் பார்ப்பவருக்குப் பத்து. எதுவானாலும் காட்டுக்குள் வண்டியை விட்டு இறங்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், பிஸ்கட் நீட்டாதீர்கள். புள்ளிமான் திடீரென்று கீச்சிட்டுக் காலை உதைத்தால், மானை விட்டுவிட்டு அது பார்க்கும் திசையைப் பாருங்கள், சிறுத்தையாக இருக்கலாம்.