மறுபடி சைக்கிள் மிதிக்கக் கொழும்பில் எதை வாங்கலாம்?

பல வருசமாகச் சைக்கிள் தொடாத ஒருவர் கொழும்பில் மறுபடி ஏற நினைத்தால், கடையில் நாலு சாதி நிற்கிறது. ஊரில் ஓடிய அதே, சீட்டுக்கு முன்னால் குறுக்குக் கம்பி போட்ட பார் சைக்கிள். தடித்த டயரோடு வரும் மவுண்டன் பைக். நேர் ஹாண்டிலும் ஒல்லி உடம்புமான ஹைபிரிட். நாலாவது, ஜப்பானில் யாரோ ஒரு அம்மா மரக்கறிக் கடைக்குப் போய்வந்துவிட்டுக் கழித்த பழைய கூடைச் சைக்கிள், கொண்டெய்னரில் வந்து இறங்குவது. நான் வாங்கியது நாலாவது. ஆகவே இனி வருவதில் பக்கச்சார்பு உண்டு. அதைக் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

பார் சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தை அதுதான் சுமந்தது. விறகு, நெல்லு மூட்டை, நோயாளி, பொம்பிளை மாப்பிள்ளை எல்லாம் அதில்தான் போனார்கள். பாசம் விட்டுப்போகாதுதான். ஆனால் முழங்காலுக்குப் பாசம் தெரியாது. கிட்டத்தட்ட 20 கிலோ எடை, பாருக்கு மேலால் கால் தூக்கிப் போட வேண்டும், கம்பி பிரேக்கோ நனைந்த குரோம் ரிம்மில் வழுக்கிக்கொண்டு போகும். காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ் திடீரென்று ஓரம் கட்டும்போது அது போதாது. வீட்டில் ஏற்கெனவே நின்றால் எண்ணெய் விட்டு ஓடுங்கள். புதிதாகக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

மவுண்டன் பைக்கைத்தான் கடைக்காரர் முதலில் காட்டுவார். முன்னுக்குச் ஸ்பிரிங், சில நேரம் பின்னுக்கும். பள்ளம் திட்டிக்கு நல்லது என்பார். மலிந்த விலையில் வரும் ஸ்பிரிங் எடையைக் கூட்டும், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை விழுங்கும், பிறகு கறள் கட்டி அசையாமல் நிற்கும். மொட்டு மொட்டான டயர் தார் ரோட்டில் இழுத்துப் பிடிக்கும். அந்தக் குறையை வழுவழுப்பான டயர் மாற்றினால் தீர்க்கலாம். அதன் காற்று வால்வு மோட்டார் சைக்கிளில் இருக்கிற அதே சாதி, பெற்றோல் ஷெட்டிலேயே காற்று அடிக்கலாம். இது சின்ன வசதி அல்ல.

ஹைபிரிட்டைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 11 முதல் 13 கிலோவுக்குள் நிற்கும், பறக்கும். வெள்ளவத்தையிலிருந்து விடியப்புறம் கிளம்பி பத்தரமுல்லைப் பக்கம் தியவன்னா ஓயாக் கரையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவதுதான் உங்கள் எண்ணம் என்றால் அதையே எடுங்கள். லிப்ட் இல்லாத தொடர்மாடியில் மூன்றாம் மாடிக்குத் தூக்கவும் அதுதான் லாயக்கு. கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து இருக்க வேண்டும் என்பதுதான் சங்கடம். கழுத்தும் மணிக்கட்டும் பழகும் வரை முறைப்பாடு சொல்லும்.

இருக்கையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொகுசு என்றதும் எல்லாரும் சீட்டைத்தான் அமுக்கிப் பார்க்கிறார்கள். நிமிர்ந்து இருந்து ஓடும் சைக்கிளில் உடம்பின் பாரம் முழுக்கச் சீட்டில் விழும், அதற்கு அகலமான ஸ்பிரிங் சீட் சரி. சாய்ந்து ஓடும் சைக்கிளில் பாரம் கையிலும் காலிலும் பங்காகும், அங்கே அகலச் சீட் தொடையை உரசிப் புண்ணாக்கும். ஆக ஹைபிரிட்டில் மெத்தைச் சீட் பூட்டுவதும், கூடைச் சைக்கிளில் ஒல்லிச் சீட் பூட்டுவதும் ஒரே பிழையின் இரண்டு பக்கம். முழங்கால் நோவுக்குப் பெரும்பாலும் காரணம் சீட் பதிந்திருப்பதுதான். பெடல் கீழே நிற்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் பூட்டுங்கள்.

இவையெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். கொழும்பில், அதிலும் காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு, தீர்ப்புச் சொல்வது உப்புக்காற்று.

மெரைன் டிரைவில் ரெயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல். தென்மேல் பருவக்காற்று மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை அடிக்கும்போது, பல்கனிக் கம்பியை விரலால் தடவினால் பிசுபிசுக்கும். அந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், மழை பெய்யாத நாளிலும் இரும்பு நனைந்தபடியே கிடக்கும். முதலில் போவது செயின். பிறகு கியர் வயர், அது உறைக்குள்ளேயே கறள் பிடித்து இறுகும். பிறகு ஸ்போக் கம்பியின் நுனியில் இருக்கிற சின்ன நட்டு. ரிம் கோணும்போது அந்த நட்டைத் திருப்பித்தான் நிமிர்த்த வேண்டும். அது இறுகிப்போனால் கம்பிதான் முறியும்.

மவுண்டன் பைக்கிலும் ஹைபிரிட்டிலும் செயின், பல்லுச் சக்கரங்கள், கியர் மாற்றும் கை எல்லாம் திறந்தபடி வெளியில். கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, தையல் மெசின் எண்ணெய் துளித்துளியாக விட்டு, மேலால் மிஞ்சியதை மறுபடி துடைத்தால் தாராளமாக ஓடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். நம்மில் எத்தனை பேர் கிழமை தவறாமல் இதைச் செய்வோம்? நான் செய்யமாட்டேன்.

ஜப்பான் சைக்கிள் இந்த இடத்தில்தான் வெல்கிறது. கழுவத் தெரியாதவருக்காகவே செய்த சாமான் அது. செயினை முழுக்க மூடிய பெட்டி. மூன்று கியர் பின்சக்கரத்து நடு உருளைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அநேகமான வண்டிகளில் ரிம், ஸ்போக், ஹாண்டில் எவர்சில்வர். முன்சக்கரத்துக்குள்ளேயே டைனமோ இருக்கிற சாதியும் உண்டு, இருட்டினால் லைட் தானாக எரியும். இன்னொன்று, உருளைக்குள் இருக்கிற கியரை நின்ற நிலையிலேயே மாற்றலாம். பம்பலப்பிட்டிச் சந்தியில் கலர் லைட்டில் மூன்றாம் கியரில் மாட்டிக்கொண்டாலும் நின்றபடியே ஒன்றுக்குப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். வெளிக்கியரில் மிதித்துக்கொண்டேதான் மாற்ற வேண்டும். கொழும்பு தட்டை நிலம், தெஹிவளை மேம்பாலம் போல ஒன்றிரண்டு ஏற்றத்தைத் தவிர மூன்று கியருக்கு மேல் வேலையில்லை. பார் தாழ்ந்திருப்பதால் சாரத்தோடும் சேலையோடும் ஏறலாம்.

குறையும் இருக்கிறது. எடை பார் சைக்கிளுக்குக் கிட்ட. பின்பிரேக் பட்டி பிரேக்காக இருந்தால் மழைக்கு அடுத்த காலை தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கீச்சிடும். உயரமானவர்களுக்கு 26 அங்குலச் சக்கரம் வந்த வண்டி குட்டை, 27 தேடுங்கள், அல்லது நீளமான சீட் கம்பி போடுங்கள். டயர் வாங்கும்போது 26 என்று மட்டும் கேட்டால் மவுண்டன் பைக் டயரைத் தருவார்கள், அது ஏறாது. அதன் ரிம் 559 மில்லிமீட்டர், கூடைச் சைக்கிளுடையது 590. பழைய டயரின் பக்கத்தில் 37-590 என்று பதிந்திருக்கும், அதைப் படம் பிடித்துக்கொண்டு போங்கள். காற்று மெல்ல இறங்கினால் டியூப்பை மாற்ற முதல் வால்வுக்குள் இருக்கிற சின்ன ரப்பரை மாற்றிப் பாருங்கள். பார் சைக்கிளுக்குப் போடுகிற அதே ரப்பர்தான், எந்தக் கடையிலும் இருக்கும்.

கியர் உருளையைப் பற்றி அடித்துச் சொல்லமாட்டேன். என்னுடையதை இன்னும் திறக்க வேண்டி வரவில்லை. நான் கேட்ட சைக்கிள் திருத்துகிற பாஸ், "உதைத் திறக்கிற வேலை எனக்கு வேண்டாம், இன்னொரு சக்கரம் முழுசாப் போட்டுத் தாறன்" என்றார். கழற்றிய ஜப்பான் சக்கரங்கள் கிடைக்கிற வரைக்கும் அந்தக் கணக்குச் சரி. இருபது வருசம் தாங்குமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் ஃப்ரேமில் ஒட்டியிருக்கிற ஜப்பான் எழுத்து ஸ்டிக்கரையும் பளபளப்பையும் விட்டுவிட்டு டயரின் பக்கத்தைப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் அந்தக் காசைக் கழித்துப் பேசுங்கள். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி மூன்று கியரும் விழுகிறதா என்று போட்டுப் பாருங்கள். செயினுக்குப் பதில் பெல்ட் பூட்டியது வந்தால் கறள் பிடிக்காது என்று ஆசை வரும், அறுந்தால் இங்கே தேடி அலைய வேண்டும், நான் எடுக்கமாட்டேன். பற்றரி வைத்த ஜப்பான் வண்டியும் அப்படித்தான், பற்றரி செத்தால் மிஞ்சுவது அந்தக் கூடுதல் எடை மட்டும். கடலுக்குத் தள்ளி, நுகேகொடை, மகரகமைப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் கணக்கு இவ்வளவு இறுகாது. அங்கே இருந்தால் நானும் ஹைபிரிட்டை இன்னொரு தரம் ஓடிப் பார்த்திருப்பேன்.