பறக்கும் ஆசிரியர்களின் ஊரில் ஒரு கால்பந்து நடை

உக்ரைனின் மேற்கு விளிம்பில், ஸ்லோவாக்கிய எல்லையை ஒட்டினாற்போல் அமைந்திருக்கும் உஷ்ஹோரோத் நகரில், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் அந்த ஊர்க் கால்பந்துக் கழகத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே நம்மைத் தெருத்தெருவாக அழைத்துச் செல்லும் வரலாற்று நடை ஒன்றை நடத்தி வந்தார். வேலை நிமித்தம் நான் ஸ்லோவாக்கியாவின் கோஷித்ஸே நகரில் தங்கியிருந்த 2021 செப்டம்பரில், ஒரு சனிக்கிழமை காலை எல்லையைக் கடந்து சென்று அதில் கலந்துகொண்டேன். பெரிய கழகங்களின் அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைக்குள் கோப்பைகளைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு, பெரிய கோப்பை எதுவும் வெல்லாத ஒரு கழகத்தின் வரலாறு எவ்வளவு செறிவாக இருக்க முடியும் என்பதை இந்த நடை காட்டுகிறது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உஷ் ஆற்றங்கரையின் லிண்டன் மர நிழலில் நாங்கள் ஐந்து பேர் கூடினோம். ஆசிரியர் தம் கையிலிருந்த தடித்த கோப்புறையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு படத்தை எடுத்து நீட்டினார். கோட்டும் தொப்பியும் அணிந்த இளைஞர்கள் சிலர் ஒரு சிறிய விமானத்தின் இறக்கையருகே நின்றிருந்தார்கள். பலமுறை கைமாறியதால் உறையின் மூலைகள் வெளுத்துப் போயிருந்தன. அந்த இளைஞர்கள் 1925இல் தோன்றிய எஸ்.கே. ரூஸ் கழகத்தின் ஆட்டக்காரர்கள். அந்நாளில் உஷ்ஹோரோத் செக்கோஸ்லோவாக்கியாவின் கிழக்குக் கோடியில் இருந்தது. கழகத்தின் பெயர் இப்பகுதியின் ரூசின் மக்களைக் குறிப்பது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள். குடியரசின் மறுகோடியில் இருந்த பிராக் நகருக்கு ரயிலில் போய்த் திரும்பினால் வகுப்புகளைத் தவறவிட நேரும் என்பதால், வெளியூர் ஆட்டங்களுக்கு அவர்கள் விமானத்தில் பறந்தார்கள். ஒரு கால்பந்து அணி விமானத்தில் செல்வது அரிதிலும் அரிதாக இருந்த 1930களில், செக் மக்கள் அவர்களுக்கு வைத்த பெயர் ‘பறக்கும் ஆசிரியர்கள்’. இதைச் சொல்லும்போது நம் ஆசிரியரின் முகத்தில் தெரிந்த பெருமிதம் தம் தொழிலுக்கும் உரியது என்று எனக்குப் பட்டது.

1936–37 பருவத்தில் ரூஸ் நாட்டின் முதல்நிலை லீகில் ஆடியது. அதாவது, ஐரோப்பாவின் தலைசிறந்த அணிகளில் அடங்கிய, பிராக் நகரின் ஸ்பார்த்தாவும் ஸ்லாவியாவும் இந்தச் சிறிய ஊருக்கு வந்து ஆடியாக வேண்டியிருந்தது. ஒரே பருவத்தில் ரூஸ் கீழே இறங்கிவிட்டாலும், அதன் கோல்காப்பாளர் அலெக்ஸா போக்ஷாய் பின்னர் ஸ்லாவியாவில் சேர்ந்து, 1938இல் அந்த அணி மத்திய ஐரோப்பியக் கழகங்களுக்கான மித்ரோப்பா கோப்பையை வென்றபோது கோல்கம்பத்தைக் காத்தார். முதல் அரை மணி நேரம் முழுவதையும் ஆசிரியர் இந்தக் காலத்துக்கே ஒதுக்கியது மிகச் சரியான முடிவு. இந்த நடைக்காகக் கொடுத்த பணத்துக்குரிய பலன் எனக்கு அங்கேயே கிடைத்துவிட்டது.

அடுத்து அவர் எங்களை நிறுத்திய இடம் ஆற்றோரத்துச் சிவப்புக் கட்டடமான இசையரங்கின் முன்னால். அது 1904இல் கட்டப்பட்ட யூதத் தொழுகைக்கூடம். 1938 நவம்பரில் ஊர் ஹங்கேரியின் கைக்குப் போனது. 1944 மே மாதத்தில் நகரின் யூதர்கள் நாஜி வதைமுகாமான ஆஷ்விட்ஸுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். ஆசிரியர் இங்கே ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசவில்லை. ஸ்லாவியா வந்த அன்று திரண்டிருந்த கூட்டத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின் இந்த ஊரில் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு, சற்று நேரம் பேசாமல் நின்றார். கால்பந்துக் கழகத்தின் வரலாறு அதன் பார்வையாளர்களின் வரலாறும்தான் என்பதை மறவாத வழிகாட்டிகளை நான் அதிகம் கண்டதில்லை.

போருக்குப் பின் ஊர் சோவியத் ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. ஸ்பார்டக் என்ற பெயரில் புதிய அணி எழுந்தது. அது கீழ்நிலை லீகுகளிலேயே பெரிதும் காலம் கழித்தாலும், இந்த ஊரும் சுற்றுவட்டாரமும் கீவ் நகரின் டைனமோ கழகத்துக்குத் திறமையாளர்களை அனுப்பியபடியே இருந்தன. 1940இல் இவ்வூர் ஹங்கேரியின் உங்வாராக இருந்தபோது இங்கே பிறந்த யோஷெப் சபோ, 1961இல் டைனமோ முதன்முறையாகச் சோவியத் பட்டம் வென்ற அணியில் ஆடினார். 1966 உலகக் கோப்பையில் நான்காம் இடம் பெற்ற சோவியத் அணியிலும் இருந்தார். பிற்காலத்தில் சுதந்திர உக்ரைனின் தேசிய அணிக்குப் பயிற்சியாளரானார். ஹங்கேரி, சோவியத் ஒன்றியம், உக்ரைன் என மூன்று நாடுகளும் அந்த ஒரே வாழ்க்கைக்குள் அடங்கிவிடுகின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டரை மணி நேரம் என்று அறிவிக்கப்பட்ட நடை நான்கு மணி நேரம் நீண்டது. இடையில் உட்கார ஓரிடம்கூட ஏற்பாடு செய்யப்படவில்லை. அதைவிடப் பெரிய குறை, முற்பகுதியில் ஆற அமரச் சொன்னதன் விளைவாக, 1991க்குப் பிந்தைய காலத்தை அவர் அவான்ஹார்ட் மைதானத்தின் வாசலில் நின்றபடி பத்து நிமிடத்தில் முடித்துவிட்டதுதான். சகர்பாத்தியா என்ற பெயரோடு 2001இல் உச்ச லீகுக்கு ஏறிய அணி அடுத்த ஆண்டே இறங்கியதும், பிறகு ஏறுவதும் இறங்குவதுமாக அலைந்ததும், உக்ரைனின் மிக உயரமான சிகரமான ஹோவெர்லாவின் பெயரைச் சூட்டிக்கொண்டு 2012 முதல் நான்கு பருவங்கள் பிரீமியர் லீகில் (உச்ச லீகின் பிற்காலப் பெயர்) நிலைத்ததும், நிதி நெருக்கடியில் சிக்கி 2016இல் கலைந்ததும் ஒரே மூச்சில் வந்து போயின. சுமார் 12,000 பேர் அமரக்கூடிய மைதானமும் அதன் கழகமும் எப்படிப் பிரிந்தன என்பதுதான் நான் கேட்க வந்த கதை. அதற்கு நேரமில்லாமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. நடை முடிந்ததும் இதை அவரிடமே சொன்னேன். அவர் மறுக்காமல் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

2022 மார்ச்சில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: தாம் பாடம் நடத்திய பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் போரால் கிழக்கிலிருந்து வந்த குடும்பங்களுக்குக் கட்டில்கள் போடப்பட்டிருப்பதாகவும், நடை நிறுத்தப்பட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தார். மறு ஆண்டு முதல் அதே படங்களைக் கொண்டு காணொளி வழியாக இந்த வரலாற்றைச் சொல்லி வருகிறார். அந்த அமர்விலும் நான் கலந்துகொண்டேன். வெளுத்த உறைக்குள் மங்கலாகத் தெரிந்த விமானப் படம் திரையில் தெளிவாகத் தெரிகிறது. இறக்கையருகே நிற்கும் ஒருவர் கையில் புத்தகப் பை வைத்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். கதையை அவர் இப்போது இரண்டாகப் பிரித்துவிட்டார்: ரூஸ் முதல் சபோ வரை ஓர் அமர்வு, சகர்பாத்தியாவும் ஹோவெர்லாவும் தனி அமர்வு. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். அவருடைய ஆங்கிலம் நிதானமானது, ஆட்டச் சொற்களில் மட்டும் சற்றுத் தடுமாறும் என்பதால், கேள்விகளை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுவது நல்லது. இரண்டாம் அமர்வை முதலில் கேட்க வேண்டாம்.