உலாவி சொல்லும் மொழியா, முகவரியில் உள்ள மொழியா?

தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மும்மொழித் தளம். வருபவருக்கு எதைக் காட்டுவது?

பக்கம் கேட்கும்போது உலாவி தன் மொழியைச் சொல்லி அனுப்பும் அக்செப்ட்-லாங்குவேஜ் வரியைப் படித்துத் தானாகத் திருப்பிவிடலாம். சர்வரில் சில வரி கோட் போதும். ஆனால் அந்த வரி சொல்வது பெரும்பாலும் போனின் மொழியை. படிப்பவர் விரும்பும் மொழியை அல்ல. போனை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டு தமிழில் செய்தி படிப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கெல்லாம் ஆங்கிலப் பக்கம்தான் வரும். தேடலுக்காகப் பக்கங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் நிரலான கூகுள்பாட் பொதுவாக இந்த வரியை அனுப்புவதே இல்லை என்பதால், ஒரே முகவரியில் மொழி மாறும் தளத்தின் தமிழ்ப் பக்கம் தேடலில் சிக்காமலே போகலாம். 301 (நிரந்தரத் திருப்பல்) கொடுத்துத் திருப்பினால் உலாவி அதை நினைவில் வைத்துக்கொண்டு அடம்பிடிக்கும், 302தான் (தற்காலிகத் திருப்பல்) சரி. பக்கம் மொழிக்கேற்ப மாறும் என்று சொல்லும் வேரி ஹெடரை மறந்தால், பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் கேஷ் ஒருவருக்குக் கொடுத்த சிங்களப் பக்கத்தையே அடுத்தவருக்கும் நீட்டும்.

மொழிக்கொரு முகவரி என்றால் வேலை கூடுதல். ஒரே பக்கத்தின் பிறமொழி வடிவங்களைத் தேடுபொறிக்குச் சொல்லும் ஹெச்ரெஃப்லாங் குறிப்பில் ஒவ்வொரு பக்கமும் மற்ற இரண்டையும் தன்னையும் சுட்ட வேண்டும். பதில் சுட்டு இல்லாவிட்டால் கூகுள் கண்டுகொள்ளாது. மொழி பட்டன் அதே கட்டுரையின் மறுமொழிப் பக்கத்துக்குப் போக வேண்டும், முகப்புக்கு அல்ல. கொடிப் படம் வேண்டாம்: தமிழுக்கு எந்த நாட்டுக் கொடி? பலன், வாட்ஸ்அப்பில் பகிர்ந்த லிங்க் அனுப்பியவர் படித்த மொழியிலேயே திறக்கும்.

எங்கள் ஓட்டு இரண்டாவதற்கே. உலாவி வரியை முகப்பில், குக்கீ இல்லாத முதல் வருகைக்கு மட்டும், "தமிழில் படிக்க" என்ற சின்னப் பட்டை காட்டப் பயன்படுத்துங்கள்.