என்பிகிரேடர்: நகல் எடுத்த செல்லுக்கு யார் மார்க் போடுவது?

“60 பேர், வாரம் ஒரு பைத்தான் நோட்புக், கையால் திருத்தி மாளவில்லை. என்பிகிரேடர் போடலாமா?” உடன் வேலை பார்க்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. நோட்புக் என்பது செல் எனப்படும் கட்டங்களில் கோடும் உரையும் எழுதும் ஜூபிட்டர் கோப்பு; அதில் கொடுத்த அசைன்மென்ட்டைத் தானாகத் திருத்தி மார்க் போடும் கருவிதான் என்பிகிரேடர். ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். பல செமஸ்டர் இதோடு மல்லுக்கட்டியவர்களால் அப்படி முடியாது. சோர்ஸ், ரிலீஸ், சப்மிட்டட், ஆட்டோகிரேடட், ஃபீட்பேக் என்ற ஐந்து ஃபோல்டர்களும் எதற்கு என்பது நிறுவிப் பார்த்த எவருக்கும் தெரியும். அதை விட்டுவிடலாம். இங்கே பேச வேண்டியது, மார்க் உள்ள ஒவ்வொரு செல்லுக்கும் வைக்கும் அடையாளப் பெயரான கிரேட் ஐடி பற்றி.

மொத்த மார்க்கும் தொங்குவது செல்லோடு ஒட்டிய மறைவான குறிப்பான மெட்டாடேட்டாவில் ஒளிந்திருக்கும் அந்த ஒற்றைப் பெயரில்தான். அசைன்மென்ட் தயாரிக்கும் ஆசிரியருக்குப் பக்கத்துப் பட்டையில் அது பளிச்சென்று தெரியும். மாணவர் திரையில் தெரியாது. அவர் கண்ணுக்கு அதுவும் மற்ற செல்களைப் போல ஒரு செல். மற்ற செல்களை என்ன செய்வாரோ அதையேதான் இதையும் செய்வார்: நகல் எடுப்பார், நகர்த்துவார், அழிப்பார். நகல் எடுக்கும்போது ஐடியும் சத்தமில்லாமல் கூடவே வந்துவிடும்.

ஒரு உதாரணம். பட்டியலின் சராசரி கண்டுபிடிக்கும் ஃபங்ஷன் எழுதச் சொல்லியிருக்கிறோம். மாணவர் எழுதுகிறார், வேலை செய்கிறது, காலிப் பட்டியல் கொடுத்தால் மட்டும் பூஜ்யத்தால் வகுத்து விழுகிறது. இருப்பதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாமே என்று செல்லை நகல் எடுத்துக் கீழே ஒட்டி, அதில் ஏதோ முயற்சி செய்கிறார். பாதியில் சலித்துப்போய் மேலே உள்ள பழைய செல்லுக்கே திரும்பி, அங்கே ஒரு இஃப் போட்டுச் சரிசெய்கிறார். மேல் செல்லை ஓட்டுகிறார், விடையைச் சரிபார்க்க ஆசிரியர் கீழே வைத்த டெஸ்ட் செல்லை ஓட்டுகிறார், எர்ரர் இல்லை. சமர்ப்பித்துவிட்டார். தானாகத் திருத்தும் கட்டமான ஆட்டோகிரேட், பழைய ஓட்டத்தின் நினைவே இல்லாத புதுக் கெர்னலில் மேலிருந்து கீழாக வரிசையாக ஓட்டும். முதலில் சரியான ஃபங்ஷன், அடுத்து அதே பெயரில் அரைகுறை ஃபங்ஷன், அதற்கும் கீழே டெஸ்ட். டெஸ்ட்டின் கையில் சிக்குவது அரைகுறைதான். மார்க் பூஜ்யம். “எனக்கு ஓடிச்சே சார்” என்று மாணவர் வந்து நிற்பார். அவர் பொய் சொல்லவில்லை, கருவியும் பொய் சொல்லவில்லை.

இந்த வகையை, அனுப்பும் முன் மாணவரே அழுத்திப் பார்க்கக்கூடிய வேலிடேட் பொத்தான் பிடித்துவிடும், ஏனென்றால் அதுவும் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கிறது. அழுத்தாமல் அனுப்பியவர் மேல்தான் தப்பு என்று சொல்லிவிட்டுப் போகலாம், நியாயமும் கூட.

கையால் திருத்தும் கேள்விகளில் அந்த நியாயம் செல்லுபடியாகாது. “இந்த வரைபடத்திலிருந்து என்ன தெரிகிறது, விளக்குக” என்று உரை எழுதுவதற்கான ஒரு மார்க்டவுன் செல். மாணவர் பத்திரத்துக்காக வெறும் செல்லை நகல் எடுத்துக் கீழே வைத்துவிட்டு, மேல் செல்லில் அரைப்பக்கம் எழுதுகிறார். ஒரே ஐடி இரண்டு இடத்தில் இருந்தால் கருவி கீழிருந்து மேலாக எண்ணிக்கொண்டு வரும். கடைசியில் இருக்கும் செல்லை வைத்துக்கொண்டு மேலே இருப்பவற்றின் மெட்டாடேட்டாவைத் துடைத்துவிடும். அரைப்பக்க விடை மார்க் பெட்டி இல்லாத அநாதைச் செல் ஆகிவிடுகிறது. கீழே உள்ள வெறும் நகலில் ஒரு எழுத்தும் மாறவில்லை என்பதை, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணான செக்சம் காட்டிக்கொடுப்பதால் அதற்குத் தானாகவே பூஜ்யம் விழும். கையால் திருத்த வேண்டியவை என்ற கணக்கிலும் அது வராது. லாகில் ஒரு எச்சரிக்கை வரி வரும், மறுப்பதற்கில்லை. 60 பேர் நோட்புக் ஓடும்போது கொட்டுகிற லாகை யார் உட்கார்ந்து படிப்பது? இதே தவறை ஆசிரியர் தன் மூலப் பிரதியான சோர்ஸில் செய்தால், அதிலிருந்து மாணவர் பிரதியைத் தயாரிக்கும் ஜெனரேட் அசைன்மென்ட் எர்ரர் போட்டு நின்றுவிடும். ஆசிரியருக்குக் கதவடைப்பு, மாணவருக்கு ஒரு முணுமுணுப்பு.

இதற்கு மருந்து ஆட்டோகிரேடுக்கு முன்னால் ஓட்டும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். நோட்புக் கோப்பு வெறும் ஜேசன் வடிவ உரைதான். மாணவருக்குக் கொடுத்த ரிலீஸ் பிரதியைத் திறந்து, எல்லாச் செல்களிலும் உள்ள கிரேட் ஐடிகளை ஒரு செட்டில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு மாணவர்கள் அனுப்பியவை இருக்கும் சப்மிட்டட் ஃபோல்டரில் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து ஐடிகளைக் கவுன்டரில் எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் வந்தவை ஒரு பட்டியல், செட்டில் இருந்து இங்கே காணாமல் போனவை இன்னொரு பட்டியல். இருபது வரிக்குள் முடிந்துவிடும். டெஸ்ட் செல்லை அழித்தவர்களும் இரண்டாவது பட்டியலில் மாட்டுவார்கள். ரிலீஸ் செய்யும்போது டெஸ்ட் செல்களை அழிக்க முடியாதபடி கருவி பூட்டித்தான் அனுப்புகிறது, ஆனால் அந்தப் பூட்டை மதிக்காத எடிட்டர்களும் உண்டு. கோப்பின் பெயரையும் அதே ஓட்டத்தில் சரிபாருங்கள். வால் பகுதியில் அடைப்புக்குறிக்குள் ஒன்று, இரண்டு என்று ஒட்டிக்கொண்டு வந்த கோப்பு சோர்ஸில் உள்ள பெயரோடு பொருந்தாது.

சோர்ஸில் ஆசிரியர் எழுதிய விடைப்பகுதியை மாணவர் பிரதியில் வெட்டிவிட்டு அங்கே கருவி வைக்கும் “ரெய்ஸ் நாட் இம்ப்ளிமென்டட் எர்ரர்” வரி இன்னொரு தலைவலி. மாணவர் அதை அழிக்காமல் அதற்கு மேலேயே எழுதுவார். ரிட்டர்ன் உள்ள ஃபங்ஷன் என்றால் அந்த வரிக்குக் கட்டுப்பாடு போகவே போகாது, முழு மார்க். ஃபங்ஷன் இல்லாமல் வெறும் மாறியில் மதிப்பு வைக்கும் செல் என்றால் எர்ரர் சிவப்பாக வரும், ஆனால் மாறி ஏற்கெனவே உருவாகிவிட்டது, அடுத்த செல்லில் டெஸ்ட் தேறிவிடும். ரிட்டர்ன் இல்லாமல் வெறும் பிரின்ட் போடும் ஃபங்ஷன் என்றால்தான் உண்மையிலேயே விழும். ஒரே பிழைக்கு மூன்று விதமான முடிவு வந்தால் மாணவர் எதைக் கற்றுக்கொள்வார்? வெட்டிய இடத்தில் எதை வைப்பது என்று சொல்லும் கோட் ஸ்டப் அமைப்பு, அமைப்புக் கோப்பின் கிளியர் சொல்யூஷன்ஸ் பிரிவில் இருக்கிறது. அதில் ரெய்ஸை எடுத்துவிட்டு “இந்த வரியை அழித்துவிட்டு எழுதவும்” என்று ஒரு கமென்ட் மட்டும் வைத்தால் இந்தக் கூத்து அடங்கும்.

இவ்வளவு திட்டியபின் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டெஸ்ட்டில் நாமே தப்பு செய்திருந்தால் இந்தக் கருவி போல மானத்தைக் காப்பாற்றுவது வேறில்லை. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் பைத்தானில் 0.30000000000000004 வரும். அதை மறந்து 0.3-க்கு நேர் சமம் என்று அசெர்ட் (நிபந்தனை பொய்த்தால் எர்ரர் போடும் வரி) எழுதிவிட்டோம், சரியாகச் செய்தவர்களும் விழுகிறார்கள் என்று வையுங்கள். யாரிடமும் மறுபடி நோட்புக் கேட்க வேண்டியதில்லை. சோர்ஸில் அசெர்ட்டை, வித்தியாசம் ஒரு சிறு எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும்படி மாற்றி, ஜெனரேட் அசைன்மென்ட்டை மறுபடி ஓட்டி, ஆட்டோகிரேடை, ஏற்கெனவே திருத்தியதையும் மறுபடி திருத்த வைக்கும் ஃபோர்ஸ் போட்டு ஓட்டினால் போதும். டெஸ்ட் செல்லின் உள்ளடக்கம் மாணவர் கோப்பிலிருந்து வருவதில்லை, மார்க்கையும் கருவி சேமித்துவைக்கும் கிரேட்புக் டேட்டாபேஸிலிருந்து வருகிறது. மாணவர் டெஸ்ட்டைத் திருத்தி ஏமாற்றப் பார்த்தாலும் இதனாலேயே பலிக்காது. ஒரே நிபந்தனை, உள்ளே இருப்பதை மாற்றலாம், புது டெஸ்ட் செல் சேர்க்கக் கூடாது. இத்தனை அழகான வேலைக்கு அடிப்படை எது? மேலே வசைபாடிய அதே கிரேட் ஐடி.

கையால் திருத்தும் திரையான ஃபார்ம்கிரேடரில் மாணவர் பெயர் மறைந்து வெறும் எண்ணாக வருவதும் நல்ல ஏற்பாடு. கெட்டிக்காரப் பிள்ளை என்று தெரிந்தால் கை தானாக அரை மார்க் கூடப் போடும்.

மற்றவை வேகமாக. ஒரு டெஸ்ட் செல்லில் 10 மார்க்குக்கு ஐந்து அசெர்ட் அடுக்காதீர்கள், முதலாவது விழுந்தாலே மொத்தமும் போச்சு. 2, 3, 2, 3 என்று நான்கு செல்லாகப் பிரியுங்கள். மாணவர் கோடில் மதிப்பைத் தட்டச்சு செய்யக் கேட்கும் இன்புட் ஒன்று மிச்சமிருந்தால், தட்டச்சு செய்ய ஆளில்லாத ஆட்டோகிரேடில் அந்தச் செல் எர்ரரோடு விழும். ஒயில் ட்ரூ போட்டு முடிவில்லாமல் சுற்றுபவர்களுக்காக நேர வரம்பை அமைப்புக் கோப்பில் நீங்களே எழுதிவையுங்கள். லூப்புக்குள் பிரின்ட் போட்டு லட்சம் வரி கொட்டுபவரைப் பற்றிக் கவலை வேண்டாம், 1000 வரிக்கு மேல் கருவியே வெட்டிவிடும். மறைத்துவைத்த டெஸ்ட்டுகள் ஃபீட்பேக் கோப்பில் அப்படியே தெரியும், அடுத்த வருடம் அதே கேள்வியைக் கொடுத்தால் விடையோடு வருவார்கள். மாணவர் கோட் ஓடுவது உங்கள் கணக்கின் அனுமதியில், கிரேட்புக் கோப்புக்குப் பக்கத்தில். தனிமைப்படுத்திய சூழலான கன்டெய்னருக்குள் ஓட்டாமல் தூங்கப் போகாதீர்கள்.

ஸ்டார் போடச் சொன்னால் 5-க்கு 2. மாணவர் திரையில் “இந்தச் செல்லை நகல் எடுக்காதே” என்று ஒரு வரி காட்டத் தெரியாத கருவிக்கு அதற்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. கேட்டவருக்கான பதில்: போடுங்கள். முதல் அசைன்மென்ட்டை மார்க் இல்லாத ஒத்திகையாக வைத்து, அதில் ஒரு செல்லை வேண்டுமென்றே நகல் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கிடைத்த பூஜ்யத்தை அவரவர் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும்.