பிரைட்டன் கடற்கரையில் குப்பை பொறுக்கும் சனிக்கிழமை: போகலாமா, வேண்டாமா?

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு. ஒன்று குறைந்ததற்குக் காரணம் கையுறையும், கடைசி அரை மணி நேரமும். அது பின்னால் வரும்.

லண்டனில் கிராய்டன், டூட்டிங் பக்கம் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்குப் பிரைட்டன் ஒன்றும் புது ஊர் இல்லை. வெயில் லேசாகத் தலைகாட்டினால் போதும், பிரியாணியை ஹாட்பாக்ஸில் அடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். ஈஸ்ட் கிராய்டனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கடல். ஒரு பக்கம் 1899-இல் திறந்த பேலஸ் பியர், கடலுக்குள் நீளும் பாலம், அதன்மேல் ராட்டினங்கள். இன்னொரு பக்கம் 2003-இல் தீப்பிடித்து இரும்புச் சட்டம் மட்டும் மிஞ்சிய வெஸ்ட் பியர். நடுவில் கூழாங்கல் கரை. எல்லாம் பார்த்துப் பழகிய இடம்தான். அதே கரையில் குனிந்து குப்பை பொறுக்க நேர்ந்தது என் மகனின் புண்ணியத்தில்.

அவன் பள்ளியில், இளைஞர்களுக்கான டியூக் ஆஃப் எடின்பரோ விருதின் வெண்கலப் படியில் சேர்ந்திருக்கிறான். அதில் தன்னார்வப் பணி ஒரு பகுதி. இதே காரணத்துக்காகத் தேடும் பெற்றோருக்கு ஒரு தகவல்: மூன்று மாதம், வாரத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை கடலுக்குப் போய் வந்தால் அந்தக் கட்டம் நிரம்பாது. அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை கூடும் கூட்டமாக இல்லாமல், மாதாமாதம் நடத்துகிற குழுவாகப் பார்த்துப் பிடியுங்கள்.

நாங்கள் போனது செப்டம்பரில். மரைன் கன்சர்வேஷன் சொசைட்டி என்ற கடல் பாதுகாப்பு அமைப்பு 1994-லிருந்து 'பீச்வாட்ச்' என்று ஒரு திட்டம் நடத்துகிறது. செப்டம்பர் மாதம் அதன் பெரிய விழா மாதிரி 'கிரேட் பிரிட்டிஷ் பீச் கிளீன்' நடக்கும். ஒவ்வொரு கரையிலும் பொறுப்பேற்று நடத்துவது அந்தந்த ஊர்க் குழுக்கள். இணையத்தில் பெயர் கொடுத்தால் போதும், கட்டணம் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கடற்கரைச் சுத்தம் என்ற பெயரில் நடப்பதெல்லாம் ஒரே சரக்கு இல்லை. இதற்கு முன் ஒரு நிறுவனம் தன் ஆட்களை அழைத்துப்போன நிகழ்ச்சி ஒன்றில் நானும் இருந்தேன். ஆளுக்கொரு டீ-ஷர்ட், ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். குடிக்க ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர். அரை மணி நேரம் பொறுக்கினோம், முக்கால் மணி நேரம் படம் எடுத்தோம். பைகளை வரிசையாக அடுக்கி, பெயர்ப் பதாகையைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு வந்தோம். கரை சுத்தமானது உண்மை. அடுத்த கடலேற்றத்தில் மறுபடி குப்பை வந்திருக்கும் என்பதும் உண்மை.

பிரைட்டனில் வேறு விதம். போனவுடன் கையில் பையைத் தரவில்லை, படிவம் செருகிய ஒரு அட்டையும் பென்சிலும் தந்தார்கள். கரையில் 100 மீட்டர் நீளத்தை அளந்து இரண்டு முனையிலும் அடையாளம் வைத்திருந்தார்கள். அந்த எல்லைக்குள் அலை ஒதுக்கிய கோட்டிலிருந்து மேலே நடைபாதைச் சுவர் வரை கிடக்கும் ஒவ்வொரு துண்டையும் எடுக்க வேண்டும், எடுத்ததை எழுத வேண்டும். படிவத்தில் பிளாஸ்டிக், ரப்பர், துணி, காகிதம், உலோகம், கண்ணாடி என்று பிரித்துப் பிரித்து நீளமான பட்டியல். உடைந்த பிளாஸ்டிக் துண்டு என்றால்கூட சும்மா விடமாட்டார்கள், இரண்டரை சென்டிமீட்டருக்குள்ளா, அதற்கு மேலா என்று பார்த்து எழுத வேண்டும்.

இரண்டு இரண்டு பேராகப் பிரிந்தோம். ஒருவர் பொறுக்கிக்கொண்டே சத்தமாகச் சொல்ல, மற்றவர் கோடு போட வேண்டும். நான்கு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே. "சிகரெட் ஒண்ணு! இன்னொண்ணு! அம்மா, இங்க ஒரு குடும்பமே இருக்கு!" என்று மகன் கத்திக்கொண்டே போனான். வீட்டில் தட்டை எடுத்து வைக்கச் சொன்னால் காது கேட்காத பிள்ளை.

இந்த எண்ணிக்கைக்காகத்தான் நான் இந்த நிகழ்ச்சிக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். வருஷா வருஷம் இதே முறையில் எடுத்த கணக்கை வைத்துத்தான் மரைன் கன்சர்வேஷன் சொசைட்டி அரசிடம் போய் வாதாடுகிறது. இங்கிலாந்தில் 2015 அக்டோபரில் பெரிய கடைகளில் பைக்கு 5 பென்ஸ் வாங்க ஆரம்பித்தார்கள், 2021-இல் அது 10 ஆனது. 2014-இல் 100 மீட்டருக்குச் சராசரியாக ஐந்து பிளாஸ்டிக் பை கிடைத்த பிரிட்டிஷ் கரைகளில், 2023-இல் ஒன்றுதான் கிடைத்தது. காது குடையும் பட்ஸில் பிளாஸ்டிக் குச்சி கூடாது என்று 2020-இல் தடை வந்ததற்கும் இந்தக் கணக்கு ஒரு ஆதாரம். எங்கள் 100 மீட்டரில் பை அபூர்வம். நிறைந்து கிடந்தவை சிகரெட் ஃபில்டர், பாட்டில் மூடி, சிப்ஸ் பாக்கெட், வெட் வைப்ஸ்.

சிகரெட் ஃபில்டர் பஞ்சு என்று பலர் நினைக்கிறார்கள். அது செல்லுலோஸ் அசிடேட், பிளாஸ்டிக் வகைதான். கூழாங்கல் கரை இதற்கு ஒரு சல்லடை மாதிரி: பெரியது மேலே தங்கும், சின்னது கீழே இறங்கிவிடும். மணல் கரையாக இருந்தால் டிராக்டரில் சல்லடை பூட்டி இழுத்துவிடலாம். இங்கே கல்லோடு கல்லாக வந்துவிடும் என்பதால் கைதான் கதி. காலால் ஒரு கல்லைத் தள்ளினால் அடியில் மூன்று ஃபில்டர் கிடக்கும். அவர்கள் தரும் இடுக்கி, விசையை அழுத்தினால் வாய் மூடும் நீளக் குச்சி, பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் அருமை. ஃபில்டருக்கு அது சரிப்படாது. வாயைக் கிடைமட்டமாகத் திருப்பி, துண்டை நீளவாக்கில் கவ்வினால் வரும். செங்குத்தாகப் பிடித்தால் கல்லைத்தான் கடிக்கும். பையின் வாயைத் திறந்தே வைத்திருக்க ஒரு பிளாஸ்டிக் வளையமும் தந்தார்கள். காற்று அடிக்கிற கரையில் அந்த வளையம் இல்லாமல் போயிருந்தால் பையோடு மல்லுக்கட்டியே நேரம் போயிருக்கும்.

வெட் வைப்ஸ் பற்றிச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் சொல்ல வேண்டும். கரையில் உட்கார்ந்து முகம் துடைத்துப் போட்டதாக எல்லாவற்றையும் நினைக்காதீர்கள். கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியது, பெருமழையில் சாக்கடை நிரம்பிக் கடலுக்குத் திறந்துவிடும்போது கூடவே வந்து சேர்கிறது. கல்லில் சுற்றிக்கொண்டு சாம்பல் நிறத் துணிபோல் கிடந்ததை இழுத்தால் நீண்டுகொண்டே வந்தது.

நம்மவர் பங்கும் உண்டு. முறுக்குப் பாக்கெட் ஒன்று, தமிழ் எழுத்தோடு, கல்லுக்குள் செருகிக் கிடந்தது. படிவத்தில் சிப்ஸ் பாக்கெட் வரிசையில் சேர்த்தேன். எந்தக் கடை என்று பார்த்தேன், சொல்லமாட்டேன்.

எல்லாம் குப்பை இல்லை என்பதையும் அங்கே கற்றுத்தருகிறார்கள். கடற்பாசியை எடுக்கக் கூடாது, பூச்சிகளும் அவற்றைத் தின்ன வரும் பறவைகளும் அதை நம்பி இருக்கின்றன. பபிள் ராப் போல வெளுத்த உருண்டை ஒன்றை ஒரு சின்னப் பெண் பையில் போடப் போனாள். அது சங்கினம் ஒன்றின் வெற்று முட்டைக் கூடு. என் மகன் தெர்மகோல் என்று எடுத்து வந்ததோ கணவாய் ஓடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூத்துக்குடியில் லவ் பேர்ட்ஸ் கூண்டில் அதைத்தான் தொங்கவிட்டிருப்போம். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் தருவதும் அதையே. "அப்ப வீட்டுக்கு எடுத்துப் போலாமா?" என்றான். கணவாய் ஓட்டை எடுத்துக்கொள் என்றார்கள். கூழாங்கல்லை மட்டும் எடுக்கக் கூடாது, 1949-ஆம் ஆண்டின் கரைப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அவன் பையில் ஏற்கெனவே இரண்டு இருந்தன, திரும்பப் போட வைத்தேன்.

எங்கள் வரிசையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். பிரைட்டன்காரர். 2002 ஜூலையில் இதே கரையில் ஃபேட்பாய் ஸ்லிம் என்ற டிஜே நடத்திய இசை நிகழ்ச்சிக்கு இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள் என்பார்கள். மறுநாள் காலை கல்லே தெரியவில்லை என்றார். அவர் வீட்டில் எல்லோரும் இறங்கிப் பொறுக்கினார்களாம். "அன்றைக்கு எண்ணவில்லை, எண்ணியிருக்க வேண்டும்" என்று வருத்தப்பட்டார். கணக்குப் பைத்தியம் தொற்றிக்கொள்ளும் போலிருக்கிறது.

ஈழத்து அண்ணா ஒருவர் மகளோடு வந்திருந்தார். அவர் பொறுக்கியது முழுக்கக் குருணை. பருப்பு அளவு பிளாஸ்டிக் மணிகள், பொருள் செய்வதற்கு முன் தொழிற்சாலைக்குப் போகும் மூலச் சரக்கு. 2021-இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது கரையில் ஒதுங்கியதும் இதுதான், கப்பலிலிருந்து கடலில் கொட்டியது ஏறத்தாழ 1,680 டன். 2025 மே மாதம் கேரளத்துக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியபோது திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை ஒதுங்கியதும் இதுதான். "எங்கட ஆக்கள் முறத்தால பிடைச்சு எடுத்தவையாம், தங்கச்சி. இங்க ஒவ்வொண்டா எடுக்கிறம்" என்றார். சில மணிகளில் வரி வரியாகக் கோடு இருந்தது. அவை கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் பயன்படுத்துபவை, 2025 நவம்பரில் இதே கிழக்கு சசெக்ஸின் கேம்பர் சாண்ட்ஸ் கரையை நிறைத்த வகை. இவற்றுக்கு இடுக்கி உதவாது. மண்டியிட்டு விரலால் எடுக்க வேண்டும், அல்லது வீட்டிலிருந்து மாவுச் சல்லடை கொண்டுபோக வேண்டும். அடுத்த முறை நான் கொண்டுபோவேன்.

சரி, குறைகளுக்கு வருவோம். கையுறை பெரியவர்கள் அளவில் மட்டும்தான் இருந்தது. பதினான்கு வயதுப் பையன் கையிலேயே தொளதொளவென்று ஆடியது, சின்னப் பிள்ளைகள் கழற்றிவிட்டு வெறுங்கையால் எடுத்தார்கள். ஊசி, உடைந்த கண்ணாடி கண்டால் தொடாதே, பொறுப்பாளரைக் கூப்பிடு என்று ஆரம்பத்தில் தெளிவாகச் சொன்னவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும். இரண்டாவது, முடிவு. பைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை எழுதினார்கள், அதுவரை நன்று. அப்புறம் படிவங்களை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிக் கலைத்துவிட்டார்கள். எது எத்தனை என்று கூட்டி அங்கேயே வாசித்திருந்தால் பிள்ளைகளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! நானே தொலைபேசியில் எங்கள் படிவத்தைப் படம் எடுத்துவைத்து, ரயிலில் கூட்டிப் பார்த்தோம். மகன் ஜெயித்தது போல முகத்தை வைத்துக்கொண்டான்.

பொறுக்கியதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன். உப்பும் அழுக்கும் ஏறிய பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்கு எடுக்கமாட்டார்கள், பெரும்பாலும் நியூஹேவன் எரிஉலைக்குத்தான் என்றார்கள். மழுப்பாமல் சொன்னது பிடித்திருந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காரில் போகாதீர்கள், நிறுத்த இடம் தேடி, காசும் கொடுத்து நொந்துபோவீர்கள். ரயில் நிலையத்திலிருந்து குவீன்ஸ் ரோடு வழியாக நேரே இறங்கினால் கடல். ஷூ கெட்டியான அடிப்பாகத்தோடு இருக்கட்டும், செருப்போடு கூழாங்கல்லில் இரண்டு மணி நேரம் குனிந்து நடந்தால் மறுநாள் கால் சொல்லும். முதுகுவலிக்காரர்கள் அட்டை எழுதும் வேலையைக் கேட்டு வாங்குங்கள், அது குறைச்சலான வேலை இல்லை. செப்டம்பர் கடற்காற்றை வெயிலைப் பார்த்து எடைபோட வேண்டாம், காது மூட ஏதாவது வேண்டும். பிள்ளைகளுக்கு அளவான தோட்டக் கையுறையை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். சாப்பாட்டைக் கரையில் பிரித்தால் கடற்காக்கை தலைக்கு மேல் நிற்கும். சிப்ஸ் வாங்கினால் சுவரோடு முதுகைச் சாய்த்துக்கொண்டு சாப்பிடுங்கள்.

விருதுக் கையெழுத்துக்கு வருகிறவர்கள் ஆரம்பிக்கும் முன்பே பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். எங்களுக்கு மின்னஞ்சலில்தான் வந்தது, அதுவும் நினைவூட்டிய பிறகு. முழு மூன்று மாதத்துக்கு, மாதாமாதம் கரைக்குப் போகும் உள்ளூர்க் குழுவில் அவனைச் சேர்த்திருக்கிறேன். இடையில் வரும் வாரங்களுக்கு எங்கள் தெருப் பூங்காவைக் கணக்கில் எடுப்பார்களா என்று பள்ளியில் கேட்டிருக்கிறேன்.