வீக் ஸ்ட்ரைக் என்று சொல்லித் தேய்ந்த காசைத் தலையில் கட்டினார்கள்

கிரேடிங்குக்கு, அதாவது தரம் மதிப்பிட, அனுப்பிய காசு நேற்று மாலை தபாலில் திரும்பி வந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்லை. பழைய அமெரிக்க வெள்ளிக் காசு சேர்க்கும் நம் ஆட்கள் வேறு யாரும் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று உடனே எழுதுகிறேன்.

1807 அரை டாலர். டிரேப்ட் பஸ்ட் வகை: முன்பக்கம் தோளில் துணி போர்த்திய சுதந்திர தேவி லிபர்ட்டி, பின்பக்கம் கேடயம் தாங்கிய கழுகு, அதன் தலைக்கு மேல் நட்சத்திரங்கள், மேகம். அந்த வடிவத்துக்கு அதுதான் கடைசி வருடம். எக்ஸ்எஃப் 40, அதாவது லேசாக மட்டுமே தேய்ந்தது, என்று சொல்லி என்னிடம் 850 டாலர் வாங்கினார்கள். கிரேடிங் நிறுவனம் திருப்பி அனுப்பிய பிளாஸ்டிக் உறையில் இருப்பது ‘ஃபைன் டீடெய்ல்ஸ், கிளீன்ட்’. அதாவது ஃபைன் அளவுக்குத் தேய்ந்துபோனது, போதாததற்கு யாரோ எதையோ வைத்துத் துலக்கியது. 70 வரை போகும் அளவில் ஃபைன் என்றால் 12. நாற்பதுக்குக் காசு கொடுத்து பன்னிரண்டை வாங்கியிருக்கிறேன்.

வாங்கியது பென்சில்வேனியாவில், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பழைய நாணயக் கடையில். கடைக்காரர் வயதானவர். கறுப்பு வெல்வெட் விரித்து, லென்ஸை என் கையில் கொடுத்து, முக்கால் மணி நேரம் பாடமே எடுத்தார். பிலடெல்பியா நாணயச் சாலைக்கு நீராவி அச்சு 1836இல்தான் வந்தது, அதற்கு முன் ஆட்கள் கையால் இழுத்துச் சுற்றும் திருகு அச்சுதான், அதனால் அடி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது என்றார். “தோள் துணியின் மடிப்பு தட்டையாக இருக்கிறதா? இப்போது காசை மேலிருந்து கீழாகப் புரட்டுங்கள். அதற்கு நேர் பின்னால் மேகமும் தட்டை. அச்சில் எதிரெதிரே இரண்டு பள்ளம், இரண்டையும் அதே வெள்ளிதான் நிரப்ப வேண்டும், போதவில்லை. இது தேய்மானம் இல்லை, வீக் ஸ்ட்ரைக், அச்சு சரியாக அழுந்தாதது.”

அவர் சொன்னது உண்மை. இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன், என் வயிற்றெரிச்சலே அதுதான். அந்த ஓர் இடத்தைச் சரியாகக் காட்டியதால் மற்ற இடத்துக்கும் அவர் சொன்னதை நம்பினேன். நெற்றிக்கு மேலே கூந்தல் ஏன் இழை தெரியாமல் இருக்கிறது என்று கேட்டேன். “அதுவும் ஸ்ட்ரைக்தான்.” இறக்கை நுனி? “ஸ்ட்ரைக்.” கன்னத்தின் குறுக்கே ஓடிய மெல்லிய கோடுகள்? “அட்ஜஸ்ட்மென்ட் மார்க். எடை கூடிய வில்லையை அச்சடிப்பதற்கு முன் அரம் வைத்து ராவுவார்கள், அந்தத் தடம்.” அப்படி ராவியது நிஜம். ஆனால் அந்தத் தடம் அடிக்கு முன்னால் விழுந்தது, அதனால் அச்சு அழுந்திய இடத்தில் பெரும்பாலும் நசுங்கிப் போயிருக்கும். என் காசில் கோடு வெற்றிடத்தில் தொடங்கி, எழுத்தின் தலைமேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்குகிறது. அச்சடித்ததற்கு அப்புறம் கீறினால்தான் அப்படி இருக்கும். நேற்று ராத்திரி ஒற்றை மேஜை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தேன், பாத்திரம் துலக்கியது போல ஒரே திசையில் நூறு கோடு. கடையில் தலைக்கு மேல் நீளக் குழல் விளக்குகள் மட்டும்தான், கன்னத்தில் இருந்த அந்தச் சில கோடுகளைத் தவிர எதுவும் தெரியவில்லை.

காலையில் போன் செய்தேன். ஓர் இளைஞர் எடுத்து, பெரியவர் வெளியே போயிருக்கிறார் என்றார். மதியம் நேரிலேயே போனேன். பெரியவர் உள்ளேதான் இருந்தார். உறையைப் பார்த்துவிட்டு, “கிரேடிங் என்பது அவரவர் கருத்து” என்றார். அன்றைக்கு ‘தேய்மானமே இல்லை’ என்று என் கையில் லென்ஸைத் திணித்தவர்! ரசீதில் ஏழு நாளைக்குள் திருப்ப வேண்டும் என்று இருக்கிறதாம். கிரேடிங் முடிந்து வரவே ஏழு வாரம். அப்புறம், எக்ஸ்எஃப் என்று ரசீதில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். எடுத்துப் பார்த்தால் ‘1807 அரை டாலர், 850’. அவ்வளவுதான் இருக்கிறது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாடிக்கையாளருக்கு வெல்வெட்டை விரித்தார். திரும்பும் வழியில் வேறொரு கடையில் காட்டினேன், 190 டாலர் தருவதாகச் சொன்னார்கள். 850 கொடுத்த காசு.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பாருங்கள். எதிரெதிரே ஒரே இடத்தில் மட்டும் தட்டை என்றால் ஸ்ட்ரைக்காக இருக்கலாம். கூந்தல், தோள், இறக்கை, கேடயம் என்று மேடான இடமெல்லாம் மழுங்கியிருந்தால் அது தேய்மானம், யார் என்ன சொன்னாலும் சரி. வெள்ளி நிரம்பாத இடம் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், தேய்ந்த இடம் கரைந்த சோப்பு மாதிரி வழவழவென்று இருக்கும். ஒற்றை விளக்கில் சாய்த்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். எடை சரியாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள், என்னுடையதும் ஏறக்குறைய இருக்க வேண்டிய 13.48 கிராம்தான். கிரேடை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், கிரேடிங் முடிவு வரும்வரை காசைத் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்பதையும் சேர்த்து. எழுத மாட்டேன் என்றால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.