ஒரே ஆசிரியர் திரும்பத் திரும்ப வரும் அடிக்குறிப்புகள்: ஸோடெரோவை நீண்ட நாள் பயன்படுத்தியதில் தெரிந்தவை

சோழர் வரலாற்றில் ஆய்வு செய்பவர்கள் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் பெயரை அடிக்குறிப்பில் போடாமல் ஒரு இயலைக்கூட முடிக்க முடியாது. 1929-இல் ‘தி பாண்டியன் கிங்டம்’, 1935-லும் 1937-லும் இரண்டு தொகுதிகளாக ‘தி சோழாஸ்’, 1939-இல் தென்னிந்தியா பற்றிய அயலார் குறிப்புகளின் தொகுப்பு, 1955-இல் ‘எ ஹிஸ்டரி ஆஃப் சவுத் இந்தியா’. அதே 1955-இல் ‘தி சோழாஸ்’ திருத்திய பதிப்பும் வெளிவந்தது. இவற்றில் இரண்டு மூன்று நூல்கள் ஒரே பக்கத்தின் அடியில் வரிசையாக நிற்பது சாதாரணம். ஒவ்வொரு முறையும் முழுப் பெயர் எழுதுவதா, சுருக்குவதா, ‘மேலது’ (முந்தைய குறிப்பில் வந்த அதே நூல்) என்று விடுவதா என்ற தலைவலிக்காகத்தான், நூல் விவரங்களைச் சேமித்து வைத்து மேற்கோள்களைத் தானே அமைத்துத் தரும் ஸோடெரோ மென்பொருளுக்குப் போனேன். என் ஆய்வேடு முடிந்து, இப்போது மற்றவர்களின் ஆய்வேடுகளை நூலாகப் பதிப்பிக்கத் தயார் செய்யும்போதும் அதையேதான் பயன்படுத்துகிறேன். பெரும்பாலும் சிகாகோ கையேட்டின் மேற்கோள் முறை, வேர்டில்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பத்திகளை இடம் மாற்றும்போது அது செய்யும் வேலை. நெறியாளர் படித்துவிட்டு “இந்த நாலு பத்தியையும் மூன்றாம் இயலுக்குக் கொண்டு போங்கள்” என்பார். கையால் எழுதிய அடிக்குறிப்பாக இருந்தால், போன இடத்தில் ஒரு ‘மேலது’ யாரோ ஒருவரைச் சுட்டிக்கொண்டு நிற்கும். விட்டு வந்த இடத்தில் இன்னொன்று அநாதையாகும். ஸோடெரோவில் பத்தியோடு மேற்கோளும் நகரும். முதல் முறை வருவது முழு விவரமாகவும், அடுத்து வருவது சுருக்கமாகவும் தானே மாறிக்கொள்ளும். இதற்காக மட்டுமே கூட அதைப் பரிந்துரைப்பேன்.

‘மேலது’ என்பதன் லத்தீன் வடிவமான ‘இபிட்’ எப்போது விழும் என்பதற்கும் ஒழுங்கான விதி இருக்கிறது. முந்தைய அடிக்குறிப்பில் ஒரே ஒரு நூல் மட்டும் இருந்து, அதுவே இப்போதும் வந்தால்தான் இபிட். முந்தையதில் இரண்டு நூல்கள் இருந்தால் விழாது, ஏனென்றால் எதைச் சொல்கிறோம் என்று வாசகருக்குத் தெரியாது. சரிதான். ஆனால் நாம் கையால் தட்டிய நூல் விவரம் அதன் கண்ணில் படாது. “இதற்கு மாறான கருத்துக்குப் பார்க்க” என்று தொடங்கி இன்னொரு நூலை நேரடியாகத் தட்டிவிட்டால், அடுத்த குறிப்பில் இபிட் விழும், வாசகர் தவறான நூலைத் தேடிப் போவார். அதனால் எந்த நூலானாலும் முதலில் லைப்ரரியில் ஏற்றிவிட்டுத்தான் குறிப்பில் சேர்க்க வேண்டும். அவசரத்துக்கும் விலக்குக் கிடையாது.

உண்மையில் இப்போது நான் இபிட்டையே பெரும்பாலும் விட்டுவிட்டேன். சிகாகோ கையேடு 2017-இல் வந்த 17-ஆம் பதிப்பிலேயே இபிட் வேண்டாம், சுருக்க மேற்கோளே நல்லது என்று சொல்லிவிட்டது. ஒரே நூல் அடுத்தடுத்து வந்தால் தலைப்பை விட்டுவிட்டு ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் போதும் என்கிறது. மின்னூலில் ஒவ்வொரு குறிப்பும் தனித்தனியாகத் திறக்கும்போது ‘மேலது, ப. 45’ என்பதால் வாசகருக்கு என்ன பயன்? ‘நீலகண்ட சாஸ்திரி, 45’ என்றால் அந்த இடத்திலேயே ஆள் தெரிகிறார். ஸோடெரோவின் ஸ்டைல் (மேற்கோள் வடிவம்) பட்டியலில் இபிட் உள்ளது, இல்லாதது என இரண்டு வகையும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. பல்கலைக்கழக விதி கட்டாயப்படுத்தாவிட்டால் இல்லாததையே எடுங்கள். தமிழில் ஆய்வேடு எழுதி, ‘மேலது’ வேண்டும் என்றால், இபிட் உள்ள ஸ்டைல் கோப்பைத் திறந்து அந்தச் சொல்லுக்குத் தமிழைக் கொடுத்துவிடலாம். கோப்பின் அடையாளத்தையும் பெயரையும் மாற்றிச் சேமியுங்கள். இல்லாவிட்டால் ஸ்டைல்கள் தானாகப் புதுப்பிக்கப்படும்போது உங்கள் திருத்தம் போய்விடும்.

பெயரைச் சுருக்குவது என்று முடிவானதும் அடுத்த சிக்கல் வரும். நம் ஊர்ப் பெயர்களில் கடைசிச் சொல் குடும்பப் பெயர் என்று கொள்ள முடியாது. ஆனால் நூலக அட்டவணைகளிலிருந்து இறக்கும் பதிவுகள் சிலவற்றில் கடைசிச் சொல் ‘சாஸ்திரி’ என்று ஒரு கட்டத்திலும், ‘கே. ஏ. நீலகண்ட’ என்று இன்னொரு கட்டத்திலும் உட்கார்ந்திருக்கும். சுருக்க மேற்கோளில் ‘சாஸ்திரி’ மட்டும் மிஞ்சும். சோழர் ஆய்வில் கல்வெட்டியலாளர் எச். கிருஷ்ண சாஸ்திரியும் உண்டு. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளின் பதிப்பாசிரியர்களில் ஒருவர். எந்தச் சாஸ்திரி? கிருஷ்ணசாமி ஐயங்கார், சீனிவாச ஐயங்கார் விஷயத்திலும் இதே கதைதான். நான் செய்வது: கடைசிப் பெயர்க் கட்டத்தில் ‘நீலகண்ட சாஸ்திரி’ என்று இரண்டு சொல்லையும் போட்டு, முதல் பெயர்க் கட்டத்தில் ‘கே. ஏ.’ மட்டும் வைப்பது. நூற்பட்டியலில் அவர் ‘ந’ வரிசையில் வருவார், அடிக்குறிப்பில் துறையில் எல்லோரும் அழைக்கும் பெயரிலேயே நிற்பார்.

ஒரு பதிவில் இப்படித் திருத்தினால் மற்றவை தானே திருந்தாது. ஒவ்வொரு நூற்பதிவும் தன் ஆசிரியர் பெயரைத் தனியாக வைத்திருக்கிறது. ஒன்றில் ‘கே. ஏ.’, இன்னொன்றில் முன்னெழுத்துகளை விரித்து எழுதிய பெயர், மூன்றாவதில் புள்ளியில்லாத ‘கே ஏ’ என்று இருந்தால் ஸோடெரோவுக்கு அவர்கள் மூன்று பேர். ஆசிரியர்–ஆண்டு முறைக்கு மாற்றிப் பார்த்தால் சில இடங்களில் மட்டும் முன்னெழுத்துகள் திடீரென்று முளைக்கும். நூற்பட்டியலில் ஒரே ஆசிரியர் மீண்டும் வரும்போது பெயருக்குப் பதில் நீளக் கோடு போடும் ஸ்டைலாக இருந்தால், சில வரிகளில் கோடு விழும், சிலவற்றில் விழாது. இதைக் கண்டால் ஸ்டைலைக் குறை சொல்ல வேண்டாம், பெயர்களைத்தான் பாருங்கள். அந்தக் கோடும் இப்போது ஒதுங்கி வருகிறது, 2024-இல் வந்த சிகாகோ 18-ஆம் பதிப்பு பெயரைத் திரும்ப எழுதவே சொல்கிறது. எனக்கு இதில் முழு உடன்பாடு. பட்டியலில் ஒரு வரி இடம் மாறினால் கோடு ஒருவர் நூலை இன்னொருவர் தலையில் கட்டிவிடும்.

பெயர் சரியானால் அடுத்து தலைப்பு. ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபோரு கராஷிமா 1984-இல் ‘சவுத் இந்தியன் ஹிஸ்டரி அண்ட் சொசைட்டி’ வெளியிட்டார். 2001-இல் ‘ஹிஸ்டரி அண்ட் சொசைட்டி இன் சவுத் இந்தியா’. 2014-இல் அவர் பதிப்பித்த ‘எ கான்சைஸ் ஹிஸ்டரி ஆஃப் சவுத் இந்தியா’ வேறு. இவற்றைக் குருட்டுத்தனமாகச் சுருக்கினால் ‘கராஷிமா, ஹிஸ்டரி’ என்று எல்லாம் ஒன்றாகிவிடும். ஸோடெரோவில் குறுந்தலைப்புக்கென்று தனிக் கட்டம் உண்டு, பலர் அதைத் தொடுவதே இல்லை. ஒரே ஆசிரியரின் நூல்கள் எல்லாவற்றையும் ஒரு சேர வைத்து அதை நிரப்ப வேண்டும். முதல் நூலுக்கு ‘சவுத் இந்தியன் ஹிஸ்டரி’, இரண்டாவதற்கு ‘ஹிஸ்டரி அண்ட் சொசைட்டி’, மூன்றாவதற்கு ‘கான்சைஸ் ஹிஸ்டரி’ என்று நான் வைத்திருக்கிறேன். அப்புறம், கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி மூவரும் சேர்ந்து 1978-இல் கொண்டுவந்த சோழர் கல்வெட்டுப் பெயர்த் தொகுப்பு: முதல் பெயர் கராஷிமாவாக இருந்தாலும் அங்கே கோடு போடக் கூடாது, ஆசிரியர் குழு வேறு. இதை ஸோடெரோ சிகாகோ ஸ்டைலில் சரியாகவே கையாள்கிறது.

அதால் முடியாத ஒன்று, ஒரே அடிக்குறிப்புக்குள் ஒருவரின் இரண்டு நூல்கள் வரும்போது இரண்டாவதற்கு ‘அதே ஆசிரியர்’ என்று தானாகப் போடுவது. ஐரோப்பியப் பதிப்பகங்கள் சில இன்னும் அதன் லத்தீன் வடிவமான ‘இடெம்’ கேட்கும். அப்படிப்பட்ட கட்டுரைக்கு நான் லாடெக் என்ற அச்சமைப்பு மென்பொருளில், மேற்கோள்களைக் கவனிக்கும் பிப்லாடெக்ஸ் தொகுப்பின் பக்கம் போவேன். அதில் இடெம், இபிட் இரண்டையும் கண்காணிக்கும் வசதி உண்டு. பதிவில் பாலினத்தைக் குறித்தால் ஆணுக்கு ‘இடெம்’, பெண்ணுக்கு ‘எயாடெம்’ என்றுகூட மாற்றும். இயல் தொடங்கும்போது கணக்கைப் புதிதாகத் தொடங்கச் சொல்லலாம். லாடெக் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு இது பெரிய வரம்; இதற்காக மட்டும் புதிதாகக் கற்கச் சொல்ல மாட்டேன்.

நீளமான ஆய்வேட்டில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் வேர்ட் கொஞ்சம் திணறும். அப்போது தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தச் சொல்லி ஸோடெரோவே கேட்கும். நிறுத்தலாம், ஆனால் ரிஃப்ரெஷ் அழுத்தும்வரை அடிக்குறிப்புகள் பழைய வரிசையை நினைத்துக்கொண்டுதான் இருக்கும். நெறியாளருக்கு அனுப்பும் முன் ஒரு முறை அழுத்திவிடுங்கள். பதிப்பகத்துக்குக் கொடுக்கும் கோப்பில் ஸோடெரோவுடனான இணைப்புகளைத் துண்டிக்க வேண்டியிருந்தால், முதலில் ஒரு பிரதி எடுத்துவிட்டு அதில் மட்டும் துண்டியுங்கள். மெய்ப்பு திரும்பி வரும்போது ஒரு பத்தி நகர்ந்திருக்கும், மூலக் கோப்பு அப்போது தேவைப்படும்.